பவுனம்மாள் உட்கார்ந்த இடத்தில் பனி இல்லை

சோலைமட்டத்தில் உறைபனி கொட்டிய மூன்றாம் நாள் காலை, தேயிலைச் செடியும் தகரக் கூரையும் குழாயடியும் மாரியம்மன் கோவில் மணியும் வெளுத்துப்போய் விறைத்துக் கிடந்தபோது, பவுனம்மாள் உட்கார்ந்திருந்த மண்புழுக் குழியடி மட்டும் கறுப்பாக, ஈரமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பார்த்த சனம் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பொம்பளைக்கு இருக்கிற கோபத்துக்கு இதுகூட நடக்காவிட்டால்தான் அதிசயம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டது.

சோலைமட்டம் என்றால் இரண்டு வரிசை லயம், சேர்த்துக் கட்டிய இருபத்து மூன்று வீடு. அத்தனையும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அங்கேயும் கொழுந்து பறித்தார்கள், இங்கேயும் கொழுந்து பறித்தார்கள், இரண்டு மலையிலும் மேலேயிருந்து யாரோ அதட்டினார்கள். மார்கழியும் தையும் பனி கருக்கிவிட்டால் செடியில் பறிக்க ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மாசமும் லயத்தில் அடுப்பெரிவது, லயத்துக்குப் பின்னால் மகளிர் குழு கட்டியிருந்த எட்டுப் புழுக்குழிகளால்தான். அதில் விளைகிற உரத்தைக் கீழே பள்ளத்தாக்கில் கேரட் போடுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் குழியைத் திறந்து பார்த்தவர்கள், சாக்கை மறுபடி மூடிவிட்டு வீட்டுக்குள் போனார்கள். உள்ளே புழுவெல்லாம் வேகவைத்த சேமியா மாதிரி வெளிறிக் கிடந்தன. சோலைமட்டத்துப் புழு மட்டும் சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தது.

அந்தப் புழுக்களைக் கொண்டுவந்தவள் பவுனம்மாளின் மகள் கனகு. விவசாய ஆபீசில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவள், ஒரு பிஸ்கட் டின்னில் ஈரச் சாக்குத் துணியைப் போட்டு, அதற்குள் இரண்டு கைப்பிடிப் புழுவோடு பஸ்ஸில் திரும்பி வந்தாள். நாற்றம் பிடித்த டின்னை வெளியே எறியச் சொன்ன கண்டக்டரோடு சண்டை போட்டே வந்து சேர்ந்தாள். பனிக்காலத்தில் புழுவை எப்படிப் பிழைக்கவைப்பது என்று லயத்துப் பொம்பளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். "குழிமேல பெரணிச்செடிய ரெண்டடிக்குப் போடுங்க, அதுக்கு மேல சாக்கு. தண்ணிய ரொம்பக் காட்டாதீங்க, ஈரம் கூடினா பனி உள்ள எறங்கிரும். மூணு மூலைக்கு ஆறின சாணி, ஒரு மூலைக்கு மட்டும் பச்சைச் சாணி போடுங்க, அது உள்ளுக்குள்ள கொதிக்கும். எங்க சூடு வேணுமோ அங்க புழு தானாப் போய்க்கும், நாம தள்ளிவிட வேணாம்" என்பாள்.

கனகு செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பதினேழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைக் காட்டெருமை முட்டிவிட்டது. கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பழைய எஸ்டேட் பாதையில் மேலே போனார்கள். அந்த வழியில் போனால் ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம். ஆனால் அந்தப் பாதையில் அந்த வருஷம்தான் மேலே புதிதாக வந்த விடுதிக்காரர்கள் இரண்டு கான்கிரீட் தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் தங்கையாவிடம் சாவி இல்லை. சாவி மேனேஜரிடம், மேனேஜர் போனை எடுக்கவில்லை. ஜீப் ஹாரன் அடித்தது, அடித்தது, நாற்பது நிமிஷம் அடித்தது. பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையைச் சுற்றிப் போனார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், பவுனம்மாளின் மடியில், கனகுவின் கை குளிர்ந்துபோனது.

அன்றைக்கு வந்த கோபம் பவுனம்மாளுக்கு அப்புறம் இறங்கவே இல்லை. அவள் நிலத்துக்காக அலையவில்லை, நஷ்டஈட்டுக்காக அலையவில்லை. நூறு வருஷமாகச் சனம் நடந்த பாதையை மறித்த அந்தக் கதவை எடுக்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள். பத்தொன்பது மனு எழுதிப் போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதினெட்டுக்குப் பதில் வந்தது, ஒன்றுக்கு அதுவும் வரவில்லை. விடுதிமேல் கோபம், ஆபீஸ்மேல் கோபம், ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு கல்லை எடுத்து அந்தப் பூட்டை உடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற சோலைமட்டத்தின்மேல் கோபம், அதே மாதிரி நின்ற தன்மேலும் கோபம். மகளின் புழு சாகக்கூடாது என்று மார்கழிக் குளிரில் குழியடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தபோது, அத்தனை கோபமும் காலடி வழியாக மண்ணுக்குள் இறங்கியது, அவ்வளவுதான் நடந்தது.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் என்ன செய்யும்? மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கும். அந்தக் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் இட்லி மாவு பொங்காது என்பது சோலைமட்டத்தின் பரம்பரைத் துக்கம். முதலில் முத்துராக்கு ஒரு சட்டியைக் கொண்டுவந்து பவுனம்மாளின் முக்காலி ஓரமாக வைத்துவிட்டு நைசாகப் போனாள். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் பதினோரு சட்டி. அதற்கடுத்த நாள் ஈரம் காயாத பள்ளிக்கூடச் சட்டைகள், கம்பளிகள், ஒரு பிரசவக்காரியின் தாவணிக் கந்தல்கள். முழங்கால் வலிக்காரர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். விவசாய ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து மண்ணில் கருவியைக் குத்திப் பார்த்து, எழுதிக்கொண்டு, இந்த அம்மாவை மற்ற ஊர்களுக்கும் வாரத்துக்கு ஒரு நாள் அனுப்பமுடியுமா என்று கேட்டார். யாரும் பவுனம்மாளிடம் உனக்கு என்னம்மா இவ்வளவு கோபம் என்று கேட்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தெரிந்ததை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டார்கள்.

தை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை எட்டாம் குழியின் ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. முந்தின நாள் பவுனம்மாள் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருந்தாள், வேறொன்றுமில்லை. ஆனால் குழு அதை அப்படி விட்டுவிடவில்லை. குழுத் தலைவி செலஸ்தீனா கூட்டம் போட்டாள். செலஸ்தீனா கெட்டவள் இல்லை. இருபத்து மூன்று வீட்டுச் சோற்றையும் தன் தலையில் வைத்திருப்பதாக நினைத்து நடக்கிறவள், அப்படி நினைக்கிறவர்கள் செய்கிற காரியம் சில சமயம் கெட்டவர்களுக்குக்கூடத் தோன்றாது. பவுனம்மாளுக்குக் கோபம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஆள் முறை போட்டார்கள். நோட்டுத் தாளில் கோடு கிழித்து, கிழமையும் பேரும் எழுதி, குழு அறைச் சுவரில் ஒட்டினார்கள். முறைக்காரி காலையில் டீத்தூள் கழிவைக் கொட்டும்போது ஒரு வார்த்தை, சாயங்காலம் சாக்கு மூடும்போது ஒரு வார்த்தை, பவுனம்மாளுக்குச் சுருக்கென்று படுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

இதில் முத்துராக்குதான் கெட்டிக்காரி. "யக்கா, நேத்து கார்ல வந்த ஒரு நாய்க்கு அந்தக் கதவ ரெண்டு பக்கமும் தொறந்துவிட்டானாம், நாய் எறங்கி நடக்கமாட்டேன்னுச்சாம்" என்று போகிறபோக்கில் சொல்வாள். அன்று முழுக்க எட்டுக் குழியும் கணகணவென்று இருக்கும். வியாழக்கிழமைக்காரி ஒருத்தி அளவு தெரியாமல், கனகும் கொஞ்சம் பார்த்து நின்னிருக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் வாயை மூடுவதற்குள் மூன்றாம் குழி கொதித்துவிட்டது. புழுவெல்லாம் சுவரில் ஏறி, கல்லில் ஒட்டி, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் செத்துப்போயின. பவுனம்மாள் அத்தனையையும் கையால் அள்ளிப் புதைத்தாள். அன்றிலிருந்து கனகு பேரை எடுக்கக்கூடாது, கதவைப் பற்றி மட்டும் பேசலாம் என்று சுவரில் கீழே சேர்த்து எழுதினார்கள்.

அந்தத் தாளைப் பவுனம்மாளும் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாளா, குழுவில் அவளும் உறுப்பினர்தானே. "நான் என்ன ஒங்களுக்கு வெறகடுப்பாடி? ஆளுக்கு ஒரு குச்சி சொருகிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் சூடு இரண்டு நாளைக்கு வந்தது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. கனகு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்த உயிர் அது, இவளுகளுக்காக அதை எதற்குச் சாகவிடவேண்டும் என்று இருந்தாள். பனி முடியட்டும், இருபதாவது மனுவை நேரில் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் தேதி குறித்துக்கொண்டிருந்தாள்.

விடுதி வாட்ச்மேன் தங்கையாவின் குடிசையிலும் மாவு பொங்குவதில்லை. கனகு செத்த நாளிலிருந்து அவன் பவுனம்மாள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. தை கடைசியில் ஒரு காலை, சின்னத் தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்து, சட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"என்னய்யா?" என்றாள்.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"அதுக்குத்தானே இங்க என்னை உக்காரவச்சிருக்காளுக. கேளு."

"அன்னிக்கி சர்வேயர் வந்தப்ப ஏன்மா நீங்க வரல? கதவுகிட்ட ரெண்டு மணி நேரம் நின்னாரு. மனு போட்ட அம்மா எங்க, மனு போட்ட அம்மா எங்கன்னு என்னையவே நாலு தடவ கேட்டாரு. ஒங்களுக்குக் கடுதாசி போட்டிருக்காமே. நீங்க வரலன்னதும் எங்க மேனேஜர் சிரிச்சாரு. எனக்குச் சங்கடமாப் போச்சு."

பவுனம்மாள் எழுந்தாள். முக்காலி அப்படியே இருந்தது. லயத்துக்குத் தபால்காரர் இறங்கமாட்டார், வழுக்குப் பாதை. எல்லாக் கடிதத்தையும் மேல் வளைவில் நின்று குழுத் தலைவியிடம் கொடுத்துவிடுவார், பதிவுத் தபாலுக்கும் செலஸ்தீனாவே கையெழுத்துப் போடுவாள். இருபது வருஷமாக அப்படித்தான், யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

குழு அறையில் செலஸ்தீனா உரச் சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் வாசலில் வந்து நின்றதும், நிற்கிற தோரணையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்து, மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பழுப்பு உறையை எடுத்து நீட்டினாள். பாதை பொதுப்பாதைதான் என்று தெரிகிறது, தை பத்தாம் நாள் நில அளவை செய்யப்படும், மனுதாரர் நேரில் வந்து பாதையை அடையாளம் காட்டவேண்டும், வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும் என்று எழுதியிருந்தது. பவுனம்மாள் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"தை பத்து போயி பதினாறு நாளாச்சு" என்றாள்.

"அக்கா, உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் முழுசாப் படிக்கலக்கா. பாதை ஒங்க பக்கம்னு முதல் வரியில இருந்துச்சு, அதோட மூடிட்டேன். கதவு தொறக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா நீங்க கோவம் ஆறி உக்காந்துருவீங்க. ஏழு குழிக்கா. இருபத்து மூணு வீடு. பனி முடியட்டும், மாசி பொறந்ததும் குடுத்துருவோம்னுதான்... அந்தோணியார்மேல சத்தியமா குடுத்துருப்பேன்."

லயத்துப் பொம்பளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது அவர்கள் கண்ணைத் தாழ்த்திய விதத்தில் தெரிந்தது. இரண்டு பேர் குழிப் பக்கம் ஓடினார்கள், புழுவை அள்ளி வாளியில் போட்டுத் தூரமாகக் கொண்டுபோய்விட, மூன்றாம் குழி மாதிரி எல்லாம் கொதித்துவிடும் என்ற பயத்தில். அந்த நேரத்திலும் அவர்கள் புழுவை நினைத்தார்களே தவிர, அவளை நினைக்கவில்லை. பவுனம்மாள் அதையும் பார்த்தாள். இரண்டு வருஷமும் பத்தொன்பது மனுவும் மாதா படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்திருக்கின்றன, இவர்கள் அவள்மேல் மாவு பொங்கவைத்து இட்லி தின்றிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றும் கொதிக்கவில்லை. பவுனம்மாள் உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழியடிக்குப் போய் முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பழைய எஸ்டேட் பாதையில் மேலே நடந்தாள். கதவுக்கு முன்னால், நடுப்பாதையில், இரண்டு தூணுக்கும் மத்தியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை சோலைமட்டத்தில் ஏழு குழியும் காலி. ஒரு புழு இல்லை. சாவுமில்லை, நாற்றமுமில்லை, ஆறின சாணி மட்டும் கிடந்தது. குழியடியிலிருந்து பழைய பாதை நெடுக, முழ அகலத்துக்குப் பனி பிடிக்காமல், மண் புட்டு மாதிரி உதிரியாகி மேலேறிப் போயிருந்தது. முத்துராக்கு அதைக் காலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்றிருந்தது. "எங்க சூடு வேணுமோ அங்க தானாப் போய்க்கும்னு அந்தப் புள்ள சொல்லுச்சே" என்றாள். கனகு பேச்சை எடுக்கக்கூடாது என்று அவளை யாரும் தடுக்கவில்லை.

புழு போன இடத்துக்குத்தான் பிழைப்பும் போகும். அரை நாள் யோசித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் லயமே கதவடிக்குக் கிளம்பியது. சாணிக் கூடை, டீக்கழிவு மூட்டை, பெரணிக் கட்டு, சாக்கு, கூடவே மாவுச் சட்டிகள். கதவுக்கு முன்னாலும் தூண்களைச் சுற்றியும் குழியில் போடுகிற மாதிரியே பதமாகப் போட்டு மூடினார்கள். செலஸ்தீனா எல்லாருக்கும் பின்னால், பச்சைச் சாணிக் கூடையோடு வந்தாள். பவுனம்மாள் அவளைப் பார்த்து, "அத அந்தத் தூணடி மூலைக்குப் போடு" என்று மட்டும் சொன்னாள். இத்தனை நாள் கழித்து அவள் சொன்ன முதல் வேலை, செலஸ்தீனா ஓடிப்போய்ப் போட்டாள்.

விடுதி மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். விருந்தாளிகளுக்கு நாற்றம் தாங்கவில்லை என்றார். போலீஸ் வந்தது. கதவைத் தொட்டீர்களா என்று கேட்டது. தொடவில்லை என்றார்கள். தள்ளினீர்களா? தள்ளவில்லை. அப்புறம் என்ன செய்கிறீர்கள்? புழு வளர்க்கிறோம் என்று முத்துராக்கு சொன்னாள். தங்கையாவைக் கேட்டார்கள். "தொடலீங்க சார், உக்காந்துதான் இருக்காங்க" என்றான் அவன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பவுனம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தான்.

பவுனம்மாள் காலடியில் சூடு இறங்க இறங்க, புழு கீழே போனது. பாதையின் மண்ணைத் தின்றது, தூணடி மண்ணைத் தின்றது, நூறு வருஷம் சனம் மிதித்து இறுக்கிய மண்ணை அரிசிமாவாக்கியது. மூன்றாம் நாள் கதவு கிறீச்சிட்டது. நான்காம் நாள் இடது தூண் லேசாகச் சாய்ந்தது. ஐந்தாம் நாள் மேனேஜர் முட்டுக்கொடுக்க ஆள் கூட்டிவந்தார், முட்டுக்கட்டையும் முழங்கால் ஆழத்துக்கு உள்ளே இறங்கியது. ஆறாம் நாள் நடுப்பகலில், யாரும் தொடாமல், யாரும் தள்ளாமல், இரண்டு தூணும் சேர்ந்து விடுதிப் பக்கமாகச் சாய்ந்தன. இரும்புக் கதவு பூட்டோடு மல்லாந்து விழுந்தது. விழுந்த சத்தம் கீழே லயம் வரை கேட்டது.

பிறகு கீழேயிருந்து எஸ்டேட் ஜீப் வந்தது, பழக்கதோஷத்தில் வளைவில் ஒரு ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பவுனம்மாளின் முகம் ஒரு நொடி கோணிக்கொண்டது. ஜீப் அவள் முக்காலியை ஒட்டி ஒதுங்கி, கதவின்மேலேயே ஏறி, டமடமவென்று தாண்டி, மேலே போய்விட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

செலஸ்தீனா அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு அழுகையாக, மாசி பிறந்தும் இந்த வருஷம் பனி விடவில்லை என்பது தலைவிக்கு ஞாபகம் வந்துவிட்டது. மெதுவாகக் கேட்டாள்:

"கோவம் ஆறிருச்சாக்கா?"

பவுனம்மாள் முக்காலியிலிருந்து எழுந்து நகர்ந்து நின்றாள்.

"கைய வச்சுப் பாரு."

செலஸ்தீனா குனிந்து, அவள் கால் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள். கை சிவந்திருந்தது.

"கதவு தொறந்துட்டா எனக்குக் கோவம் போயிரும்னு எவடி சொன்னா ஒனக்கு?" என்றாள் பவுனம்மாள். "கதவு தொறந்துருச்சு. எம்புள்ள எந்திரிச்சு வந்துட்டாளா? இன்னும் இருபது பனிக்கு வரும் இந்தச் சூடு. அந்தக் கடுதாசிய அன்னிக்கே எங்கையில குடுத்திருந்தாலும் வந்திருக்கும்."

அவள் முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். விழுந்த கதவைத் திரும்பிப் பாராமல், லயத்தைப் பார்த்து இறங்கினாள். பத்தடி போனதும் நின்றாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் பாதை மண் கறுத்துக்கொண்டே வந்தது. பொம்பளைகள் சாணிக் கூடைகளையும் மாவுச் சட்டிகளையும் எடுத்துக்கொண்டு, அந்த முழ அகல மண்ணை மிதித்துவிடாமல், ஓரமாக நிழலில் உருகாமல் கிடந்த பனியில் நடந்து இறங்கினார்கள்.